ஒரே பாத்தி

சௌந்தரம் அக்காவுக்குக் கோபம் வந்தால் தமிழ் வரும். மற்ற நேரமெல்லாம் வியட்நாமியம்தான். காரைக்காலிலிருந்து வந்து சைகோனின் பென் தான் சந்தையில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள் அவர். அம்மா நகரத்தை ஒட்டிய ஹோக் மோன் கிராமத்து வியட்நாமியப் பெண். எழுபத்தைந்தில் ஆட்சி மாறிக் கடை கைவிட்டுப் போனதும், தெரிந்தவர்கள் எல்லாரும் கப்பலோ விமானமோ கிடைத்ததில் ஏறிப் போய்விட்டார்கள். அம்மா நகர மாட்டேன் என்றாள். அக்காவும் தங்கிவிட்டார். அதுவரை துணி அளந்துகொண்டிருந்த கை, ஹோக் மோனில் அம்மா வழியில் வந்த துண்டு நிலத்தில் முளைக்கீரை விதைக்கக் கற்றுக்கொண்டது.

எனக்கு அவரைத் தெரியவந்தது தொண்ணூறுகளில். டான் சோன் நாட் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் எனக்கு வேலை. வெள்ளிக்கிழமை தோறும் வெள்ளையம்மை ஆச்சி வீட்டுப் பூசைக்குப் போவேன். பூசைக்கு என்று எழுதியிருக்கிறேன். சாப்பாட்டுக்கு என்று படித்துக்கொள்ளுங்கள். சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் மாடி வீடு. ஆச்சியின் கணவருக்கு மிளகு வியாபாரம். கூடத்தில் ஒரு வெள்ளி வேல். அதற்கு முன்னால் இலை போட்டுப் படைத்த பிறகு, ஊரில் இருக்கும் தமிழர்கள் பத்திருபது பேருக்குச் சாப்பாடு.

அந்தச் சாப்பாட்டுக்குக் கீரை கொண்டுவருவது சௌந்தரம் அக்கா. கீரைக் கட்டைச் சமையலறையில் இறக்கிவிட்டுப் பந்தியில் எங்களோடு உட்காருவார். வாரத்தில் அந்த ஒரு வேளைதான் அப்பாவின் பாஷை பேசுகிறவர்களோடு அவருக்குப் புழக்கம். பேசுவது குறைவு, கேட்டுக்கொண்டிருப்பார். அதற்காகவே இரண்டு பஸ் மாறி வருகிறார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

நிலத்தில் அவரோடு பாடுபட்டவள் ரோஸ். அக்காவின் தம்பி அரிகிருஷ்ணனின் மனைவி. பாண்டிச்சேரிக் கிறிஸ்தவக் குடும்பம், சைகோனிலேயே பிறந்தவள். தம்பி காய்ச்சலில் போன பிறகு இரண்டு பெண்களும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டார்கள். முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு மருந்து அடிப்பது ரோஸின் வேலை.

மருந்து என்று நாம்தான் சொல்கிறோம் என்று நினைத்திருந்தேன். வியட்நாமியர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்: துவோக். காய்ச்சலுக்குக் குடிப்பதும் துவோக், புழுவுக்கு அடிப்பதும் துவோக். இதில் நோயாளி யார் என்று மட்டும் எந்த பாஷையிலும் யாரும் கேட்பதில்லை.

அக்கம்பக்கத்து வீடுகளைப் போலவே இவர்களிடமும் இரண்டு பாத்தி இருந்தது. சாலையோரம் சந்தைப் பாத்தி, அதற்கு மருந்து உண்டு. அடுக்களைக்குப் பின்னால் சின்னதாக வீட்டுப் பாத்தி, அதற்கு மருந்து கிடையாது. யாரும் இதை ஒளித்துச் செய்யவில்லை. வெள்ளிக்கிழமைக் கீரையை அக்கா வீட்டுப் பாத்தியில்தான் அறுப்பார். முருகனும் ஆச்சி வீட்டுக்காரர்களும் அவர் கணக்கில் வீட்டு மனிதர்கள். சந்தையில் வாங்குகிறவர்கள் முகம் தெரியாதவர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, வேலுக்கு முன்னால் போட்ட இலையில், கீரை மசியலுக்கு நடுவே, வெந்துபோன பச்சைப் புழு ஒன்று கிடந்தது.  ஆச்சி அத்தனையையும் எடுத்துவிட்டு, உலையிலிருந்து ஆரம்பித்து மறுபடி சமைத்தார். எங்கள் வயிறு காய்ந்தது. எல்லாம் முடிந்த பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

"சௌந்தரம், வெள்ளிக்கெழமை இந்த வீட்ல முட்டகூட ஒடைக்கிறதில்ல. முருகன் எலையில புழுவப் போட்டுட்டமே. அடுத்த வாரம் ஓட்டையில்லாத கீரையாக் கொண்டாங்க. முடியலன்னா சொல்லிருங்க, சந்தையில வாங்கிக்கிறேன்."

ஆச்சி கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. சைவப் படையலில் புழு வந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அக்கா தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமை சந்தைப் பாத்தியில் அறுத்துக்கொண்டு வந்தார்.

கீரை அவ்வளவு அழகாக இருந்தது. ஓர் இலையில்கூட ஓட்டை இல்லை. நாங்கள் எல்லாரும் மெச்சினோம். அக்கா மட்டும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்ததால் பந்தியில் உட்காராமல் கிளம்பினார். ஆச்சிக்கு மனம் கேட்கவில்லை. படைத்ததில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துத் தூக்குப் பாத்திரத்தில் போட்டு, "ரோஸுக்கும் சேத்து வச்சிருக்கேன்" என்று கையில் கொடுத்தார்.

வீட்டில் நடந்ததை ரோஸ் பிற்பாடு என்னிடம் சொன்னாள். அவள்தான் பாத்திரத்தைத் திறந்திருக்கிறாள்.

"இது என்ன கீரை?"

"நம்மளதுதான். ரோட்டோரப் பாத்தி."

ரோஸ் மூடியைத் திரும்பப் போட்டாள். "தொடாதீங்கக்கா. முந்தாநேத்துதான் மருந்து அடிச்சேன்."

"பிரசாதம். கொட்டக் கூடாது."

"கொட்ட வேணாம், ஓரமா வையுங்க. திங்க வேணாம்."

"அங்க அத்தன பேரு இதத்தானே தின்னுக்கிட்டிருக்காங்க."

"சந்தையில ஓட்டையில்லாம கேக்குறாங்க. ஓட்டையில்லாம குடுக்குறேன். புழுவும் வேணாம், மருந்தும் வேணாம்னா நான் என்னக்கா பண்றது?"

ரோஸின் கேள்வி நியாயமானது. மழைக்காலத்தில் புழு இறங்கினால் ஒரு பாத்தி எலும்புக்கூடாக நிற்பதை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். மருந்தே கூடாது என்று மாடியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சொல்வது சுலபம். ஓட்டை விழுந்த கட்டைச் சந்தையில் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுகிறவர்களும் நாம்தான்.

 அக்கா மூடியைத் திறந்து சோற்றில் கீரையைப் பிசைந்தார். ரோஸ் தட்டைப் பிடுங்கப் போனாள். அக்கா முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று பந்தியில் சாப்பிட்ட எங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை மறைத்தால் நான் கதை கட்டியவன் ஆவேன். ஆனால் அந்த வீட்டில் ஒருத்தி அழுதுகொண்டே பார்த்திருக்க, இன்னொருத்தி ஒரு தட்டுக் கீரையைத் தின்று முடித்தார் என்பதும் உண்மை.

விடிந்ததும் அக்கா மண்வெட்டியை எடுத்தார். வீட்டுப் பாத்தியைக் கொத்திப் போட்டார். ரோஸ் ஓடி வந்தாள்.

"பைத்தியமாக்கா உங்களுக்கு? நாம எத திங்கிறது?"

"விக்கிறதத் திங்கிறது." தமிழில் சொன்னார். கோபம் உச்சிக்கு ஏறியிருக்கிறது என்று ரோஸுக்குப் புரிந்தது. "மருந்து அடிக்காதன்னு நான் சொல்லல. அடி. ஆனா நீ என்னிக்கி துணிஞ்சு வாயில வைப்பியோ அன்னிக்கிதான் அடுத்தவனுக்கு அறுக்கணும். இனிமே ஒரே பாத்தி."

 ரோஸ் தினமும் வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் இறங்கி, ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் புழுப் பொறுக்கினாள். கை தோற்றுப்போகிற அளவுக்குப் புழு வந்தபோது மருந்தும் அடித்தாள். அடித்தால் அவளே தின்னத் துணிகிற வரை அரிவாளைத் தொடவில்லை. அப்படி விட்டதில் ஒரு பாத்தி முற்றித் தண்டாகிப் பூத்தே போனது. அந்த நாட்களில் இருவரும் வெறும் சோற்றில் மீன் சாற்றை ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

பாத்தியைக் கொத்திய அடுத்த வெள்ளிக்கிழமையே அக்கா ஆச்சி வீட்டுக்கு வந்தார். கட்டு சிறுத்திருந்தது, இலையெல்லாம் ஓட்டை. சமையலறை வாசலில் நின்று, நாங்கள் எல்லாரும் கேட்கச் சொன்னார்.

"போன வாரம் நீங்க சாப்புட்டது மருந்து அடிச்ச ரெண்டாம் நாளே அறுத்தது. எங்க வீட்ல அத நாங்க திங்க மாட்டோம். தெரிஞ்சேதான் கொண்டாந்தேன்."

ஆச்சி கரண்டியைக் கீழே வைத்தார். "தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"பிள்ளைக சாப்பிட்ட வீடு இது. முருகனுக்கு வச்ச எல." ஆச்சி வாசலைக் கைகாட்டினார். "இனிமே உங்க கீரை வேண்டாம் சௌந்தரம். நீங்க கெளம்புங்க."

 இருக்கிற ஒரே தமிழ்ப் பந்தியை இந்த மனுஷி தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாரே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அக்கா அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. கட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை திரும்ப வந்தார். மாடி ஏறவில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்து, கட்டைப் பிரித்து, ஒவ்வோர் இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஆய்ந்தார். ஆய்ந்ததை ஒரு தாம்பாளத்தில் படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆச்சி அதை உள்ளே எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் அதே படி, அதே தாம்பாளம். நான் ஆச்சியிடம் நைசாகப் பேசிப் பார்த்தேன். "ஒனக்குச் சோறு வேணுமா, பேச்சு வேணுமா?" என்று கேட்டார். நான் சோற்றைத் தேர்ந்தெடுத்தேன்.

எத்தனை வாரம் அப்படிப் போனது என்று நினைவில்லை. ஒருநாள் ஆச்சி முறத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாதிக் கட்டைத் தன் பக்கம் இழுத்தார். கொஞ்ச நேரத்தில் ஓர் இலையைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தா இருக்கு பாருங்க, ஒங்க ஆளு."

"இருக்கும் ஆச்சி. பொறுக்கணும்."

"பொறுக்கத்தானே வந்துருக்கேன்" என்றார் ஆச்சி, எரிச்சலாகவே.

அன்று அக்கா மேலே வந்து பந்தியில் உட்கார்ந்தார். கிளம்பும்போது ஆச்சி பழைய தூக்குப் பாத்திரத்தை நிரப்பிக் கொடுத்தார். வீட்டில் ரோஸ் அதைத் திறந்தாள். என்ன கீரை என்று கேட்கவில்லை. அக்கா கைகால் கழுவிவிட்டு வருவதற்குள் கீரையில் பாதியை அவள் சாப்பிட்டு முடித்திருந்தாள்.