திருகோணமலைக்குப் போன அரை சோப்பு

அண்ணன் மகன் முரளி புது மனைவியோடு இலங்கை போகப் போகிறானாம். "அத்தை, நீதான் போய் வந்தவ. இன்னா எடுத்துக்கினு போணும், சொல்லு" என்று நேற்று போன் பண்ணினான். நான் பார்த்த ஒரே வெளிநாடு அது, அதுவும் ஒரே ஒரு தடவை. ஆனால் எங்கள் குடும்பத்தில் வேறு யாரும் கடல் தாண்டியதில்லை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்தச் சர்க்கரை நான்தான்.

கேட்டால் விடுவேனா? தயங்காமல் போ என்றேன். கும்மிடிப்பூண்டியில் பஸ் ஏறி ஆர்.கே.பேட்டை போய்ச் சேரும் நேரத்தில் பாதிகூட ஆகாது, விமானம் கொழும்பில் இறங்கிவிடும். மலை வேண்டுமா, மலை. கடல் வேண்டுமா, எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். மூன்று வேளையும் சோறு கிடைக்கும். தமிழில் விலை கேட்கலாம், தமிழிலேயே சண்டையும் போடலாம். வேறு எந்த வெளிநாட்டில் இந்த வசதி இருக்கிறது?

மாதம் மட்டும் பார்த்துப் போக வேண்டும். தை, மாசியில் போனால் தெற்கே காலி நகரப் பக்கம் நல்லது. வைகாசி, ஆனி என்றால் திருகோணமலைப் பக்கம். கடல் ஏரி மாதிரி கிடக்கும். ஆடியும் அங்கே அருமையான மாதம்தான், ஆனால் புதுப்பெண்ணை ஆடியில் உன்னோடு யார் அனுப்புவார்கள் என்றேன். விசாவை முன்கூட்டியே போனிலேயே எடுத்துவிடு. விகாரைக்குப் போனால் தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். புத்தருக்கு முதுகைக் காட்டி நின்று செல்பி எடுக்காதே.

தேநீர்க் கடையில் இன்னொரு எச்சரிக்கை. உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், வடை, பன் எல்லாம் கொண்டுவந்து வைப்பார்கள். தின்றதற்கு மட்டும் காசு கொடுத்தால் போதும், மிச்சத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இது தெரியாமல் என் கணவர், "வெச்சத மிச்சம் வெச்சா மரியாதையா இருக்காதுடி" என்று மொத்தத் தட்டையும் காலி பண்ணினார். கடைக்காரர் அசந்துபோய் இன்னொரு தட்டு கொண்டுவந்தார். பந்தியில் வளர்ந்த மனுஷன், பாவம், அதையும் தொட ஆரம்பித்துவிட்டார்.

"கடைசியா, ஒரு துணி சோப்பு எடுத்துக்கோ" என்று என் வாய் தானாகச் சொன்னது. "ஏன் அத்தை, அங்க சோப்பு கெடைக்காதா?" என்று முரளி சிரித்தான். கிடைக்கும். ஆனால் நான் இங்கிருந்துதான் கொண்டுபோனேன், அதற்குக் காரணம் ரஞ்சி.

அப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். பக்கத்து நாற்காலி ரஞ்சியுடையது. கைக்குழந்தையாக இலங்கையிலிருந்து படகில் வந்தவள். அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கல்யாணமும் ஆகி, ஒரு பெண்ணுக்கும் தாயாகியிருந்தாள். எங்கள் ஊர்ப் பேச்சை என்னைவிடச் சுத்தமாகப் பேசுவாள். இருந்தும் எல்லோருக்கும் அவள் "சிலோன்காரி"தான்.

கம்பெனி பஸ்ஸில் நாங்கள் இருவரும் பேசியது பெரும்பாலும் தண்ணீரைப் பற்றி. எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் ஒரே உப்பு. சோப்பைத் தேய்த்தால் திப்பி திப்பியாகத் திரியுமே தவிர நுரைக்காது. வெள்ளைத்துணி மஞ்சளாவதும் தலைமுடி கொட்டுவதும் புதுவாயலில் பஸ் ஏறினால் கம்பெனி வாசல்வரை அலுக்காமல் ஓடும் கதைகள்.

என் கணவர் காப்பீட்டு ஏஜெண்ட். நிறைய பாலிசி பிடித்ததற்காக அவருடைய கம்பெனி எங்கள் இருவரையும் இலங்கைக்கு அனுப்பியது. சேதி கேட்டதும் ரஞ்சி ஒரு துணி சோப்பைப் பாதியாக அறுத்துக் கொண்டுவந்தாள்.

"அக்கா, எங்க பெரியம்மா திருகோணமலையில கீது. 'வாங்க, எடம் தர்றேன்'னு கூப்புட்டுக்கினே கீது. எங்க ஊட்டுக்காரரு போலாம்ன்றாரு. எனக்கு அந்த ஊரே தெரியாது. கொழந்தய இட்டுக்கினு எத நம்பிப் போறது? நீ அந்த ஊட்டுக் கெணத்துத் தண்ணில சோப்பு நுரைக்குதான்னு பாத்துட்டு வா. நுரைச்சா போறேன், இல்லன்னா இங்கியே இருந்துக்கறேன்."

"சோப்பு அங்க வாங்கிக்கறேன்டி."

"அது வேற சோப்பா இருந்தா? இங்க நுரைக்காத சோப்பே அங்க நுரைக்கணும். அப்பதான் தண்ணி நல்ல தண்ணி."

நாளெல்லாம் மாதிரி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற மூடிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் நாங்கள். அரை சோப்பை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கூட வந்த ஏஜெண்டுகள் கூட்டத்திலிருந்து ஒருநாள் பிரிந்து, வேன் பிடித்துத் திருகோணமலை போனோம். மற்றவர்கள் யானை பார்க்கப் போயிருந்தார்கள். நான் ரஞ்சியின் பெரியம்மா வீட்டுக் கிணற்றடியில் குந்தி என் கணவரின் கைக்குட்டையை நனைத்துக்கொண்டிருந்தேன். "சவுக்காரம் எங்களிட்ட இல்லையெண்டோ பிள்ளை கொண்டு வந்தனீங்கள்?" என்று என் கையிலிருந்த சோப்பைப் பார்த்துப் பெரியம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நுரைக்கக் கூடாது, நுரைக்கக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் இல்லாத பஸ்ஸை என்னால் நினைக்க முடியவில்லை.

இரண்டு தேய்ப்புதான். பால் பொங்கின மாதிரி நுரை விரலிடுக்கெல்லாம் வழிந்தது. மிச்ச சோப்பை அந்தத் துவைகல்லிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஊர் திரும்பி பஸ்ஸில் ஏறியதும் யானையைப் பற்றி அவள் கேட்கவில்லை. "நுரைச்சுதாக்கா?"

"கை நெறைய நுரைச்சுது."

பொய் சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆனால் அவள் என்னை நம்பித்தான் அனுப்பினாள், அந்தப் பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை. "அப்ப கெளம்ப வேண்டியதுதான்" என்றாள்.

போய்விட்டாள். அங்கே அவளை எல்லோரும் "இந்தியாக்காரி" என்கிறார்களாம். போனில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். மகளுக்கு முடி இடுப்புவரை வளர்ந்திருக்கிறதாம். முரளி வருகிறான் என்றதும், நண்டுக் குழம்பு வைக்கிறேன், கட்டாயம் அனுப்பு என்றாள்.

இங்கே கம்பெனியில் பேக்கிங்கை இப்போது மெஷின் பார்க்கிறது. எங்கள் நாற்காலிகள் இருந்த இடத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கிறார்கள். கம்பெனி பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள். இன்று காலை துணி துவைத்தேன், சோப்பு பழையபடியே திப்பி திப்பியாகத் திரிந்தது. தண்ணீரைத் திட்டிக்கொண்டே பக்கத்தில் திரும்பினேன், கேட்க ஆளில்லை.