ஒத்திக்கு விட்ட வீட்டில் ஒரு பூட்டு

தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம். நான் அப்போது உப்பைக் குவித்து வைத்து விற்கும் அம்பாரத்தில் எடை போட்டுக் குறிக்கும் வேலையில் இருந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் கணக்குத் தப்பாது. வளைகுடா நாடு ஒன்றில் பணம் மாற்றும் கடையில் இருந்த என் சொந்தக்காரர் ஒருவர், நோட்டு எண்ணிக் கட்டுப்போட நம்பிக்கையான ஆள் வேண்டும், வருகிறாயா என்று எழுதியிருந்தார். அப்போதே எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. இரண்டு பெண் பிள்ளைகள். சரி என்று எழுதிப் போட்டேன்.

அம்பாரத்தில் கேலிக்குக் குறைவில்லை. “அஞ்சாங்கிளாசு அண்ணாச்சி பேங்கு உத்தியோகத்துக்குப் போறாவ. இனி நம்மளப் பாத்தா சிரிப்பாவளோ, கையெழுத்துப் போடுவாவளோ” என்றான் மூட்டை தைக்கிறவன். எனக்குப் பதில் பேச வராது. சிரித்துவிட்டு வந்தேன்.

ஏஜெண்டுக்கும் டிக்கெட்டுக்கும் பணம் வேண்டும். என்னிடம் இருந்தது ஓட்டு வீடு ஒன்றுதான். அதை விற்க மனமில்லாமல் ஒத்திக்கு விட்டேன். எங்கள் பக்கத்தில் ஒத்தி என்றால், பணம் கொடுத்தவர் நம் வீட்டில் குடியிருப்பார். அவர் வாடகை தர வேண்டாம், நாம் வட்டி தர வேண்டாம். முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுக்கிற அன்று வீடு நம் கைக்கு வரும். என் மனைவியும் பிள்ளைகளும் ஆறுமுகநேரியில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போவது என்று ஏற்பாடு.

ஒத்திக்கு வந்தவர் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் தண்டலாக இருந்தவர். தோணியையும் ஆட்களையும் நடத்திப் போகிற தலைவரைத்தான் தண்டல் என்போம். கடலில் இடுப்பு அடிபட்டு, இனித் தோணி ஏற முடியாது என்று ஆன பிறகு, தன் பங்கை விற்ற பணத்தை என் வீட்டில் போட்டார். அவரும் அவர் மனைவியும் மட்டும்தான். ஒரே மகளை மணப்பாட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

பத்திரம் எழுதுவதற்கு முந்தின நாள் அம்பாரத்துக் கணக்கர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “முழு வீட்டையும் விட்டுட்டுப் போகாதீரும் வே. ஒரு ரூம்புல ஒம்ம பூட்டு தொங்கட்டும். பூட்டு தொங்குத வரைக்கும்தான் வீடு ஒம்மது” என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. கட்டில், பித்தளைப் பாத்திரம், அரிசிப் பெட்டி எல்லாவற்றையும் உள் அறையில் போட்டுப் பூட்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்தேன். தண்டல் வந்து பார்த்தபோது, தரையைப் பார்த்துக்கொண்டே, “சாமான் கெடக்கு” என்றேன். “கெடக்கட்டும் தம்பி. ரெண்டு பேருக்கு எவ்வளவு எடம் வேணும்?” என்றார்.

போன இடத்தில் வேலை கடினமில்லை. கடையின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து காலை முதல் மாலை வரை நோட்டு எண்ண வேண்டும். கிழிந்ததைத் தனியாக எடுக்க வேண்டும். நூறு நூறாகக் கட்ட வேண்டும். முதலாளி தங்கமான மனுஷன்தான். ஆனால் ஒன்றை மட்டும் தினமும் சொல்வார்: கூடப்பிறந்தவன் கொடுத்தாலும் எண்ணாமல் வாங்காதே. ஒரு வருடத்தில் அந்தப் பேச்சு எனக்குள் ஊறிவிட்டது. டீக்கடையில் சில்லறையை இரண்டு தரம் எண்ணினேன். ஒரே அறையில் படுத்துக்கிடந்த ஊர்க்காரர்களிடம்கூடப் பெட்டிச் சாவியைக் கொடுத்ததில்லை.

இரண்டாம் வருடம் புரட்டாசியில் மனைவியிடமிருந்து கடிதம் வந்தது. தண்டல் ஆறுமுகநேரிக்கே தேடி வந்தாராம். மகள் முதல் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள். முன் அறை தெருவைப் பார்த்தது, அதை விட்டால் அடுப்படி. காற்றும் சாரலும் அடிக்காத இடம் உள் அறை ஒன்றுதான். இரண்டு மாதத்துக்குத் திறந்துவிட்டால் போதும், சாமானை ஒரு மூலையில் அடுக்கிக்கொள்கிறோம் என்று கேட்டாராம். கொடுக்கட்டுமா என்று எழுதியிருந்தாள்.

நேரில் நாலு வார்த்தை பேச வராத எனக்கு அன்று கடிதத்தில் எங்கிருந்தோ வார்த்தை வந்தது. இன்றைக்கு அறை கேட்பவன் நாளைக்கு வீட்டைக் கேட்பான் என்று எழுதினேன். பிள்ளைப்பேறு என்று சொல்லி உள்ளே வருவார்கள், பிறகு போலீஸ் வந்தாலும் போக மாட்டார்கள் என்று எழுதினேன். சாவியைக் கொடுத்தால் என் முகத்தில் விழிக்காதே என்றும் எழுதினேன். எழுதி முடித்து ஒட்டியபோது, வீட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

கார்த்திகையில் அடுத்த கடிதம். நாலே வரி. ஐப்பசியில் புயல் மழை. தண்டல் மகளுக்கு ஆண் பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டது. நெஞ்சில் சளி கட்டிவிட்டதாம்.

அதை வாசித்ததும் எனக்கு முதலில் தோன்றியதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நல்லவேளை, சாவியைக் கொடுக்கவில்லை, கொடுத்திருந்தால் அது சாவு விழுந்த அறையாகியிருக்கும் என்றுதான் தோன்றியது. அன்று முழுவதும் நோட்டு எண்ணினேன். ஒன்றும் தப்பவில்லை.

மூன்றாம் வருட முடிவில் பணத்தோடு ஊர் திரும்பினேன். மனைவியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தண்டல் முன் அறையில் பாய் விரித்து உட்காரச் சொன்னார். இடுப்பு இன்னும் மோசமாகியிருந்தது. சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். பணத்தை அவர் கையில் கொடுத்து, “எண்ணிப் பாருங்க அண்ணாச்சி” என்றேன்.

“நீரு எண்ணாமலா கொண்டுவந்திருப்பீரு” என்று அப்படியே மனைவி கையில் கொடுத்தார்.

அந்த அறையின் சுவர் மேலிருந்து கீழ்வரை ஊறிக் கறுத்திருந்தது. தரையில் தண்ணீர் சொட்டிச் சொட்டிச் சிமெண்டு நாலு இடத்தில் குழிந்திருந்தது. ஓடு மாற்றுவது வீட்டுக்காரனான என் பொறுப்பு. மூன்று வருடமாக அதை நான் நினைக்கவே இல்லை.

உள் அறைப் பூட்டு துருப்பிடித்துத் திறக்கவில்லை. தண்டலே தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து விட்டுக் கொடுத்தார். கதவைத் திறந்தோம். தூசியும் எலிப் புழுக்கையும் இருந்தன. ஆனால் ஒரு பொட்டு ஈரம் இல்லை. கட்டிலும் அரிசிப் பெட்டியும் போட்டது போட்டபடி இருந்தன. நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் பாதிக்கு மேல் புது ஓடு.

“இது யாரு மாத்துனது?” என்று கேட்டேன்.

“புயல்ல வீடு முழுக்க ஓடு பறந்துட்டு. ஊர்ல எல்லாருக்கும் ஓடு வேணும். எனக்குக் கெடைச்சது இம்புட்டுதான். ஏறி இங்க போட்டுட்டேன்” என்றார்.

“இந்த இடுப்போடயா அண்ணாச்சி ஏறுனிய?” என்றாள் என் மனைவி. “முன் ரூம்புக்குப் போட்டிருக்கலாமே. பச்சப்புள்ளக்காரி கெடந்தாளே.”

“நாங்க இருக்க எடத்துல ஒழுகுனா சட்டிய வச்சுக்கிடலாம், பாய நவுத்திப் போட்டுக்கிடலாம். பூட்டுன ரூம்புல ஒழுகுனா யாரு தாயி பாக்க? அடுத்தவுக சாமான்லா.”

மனைவி அழுதுவிட்டாள். “அந்தப் பூட்ட ஒடைச்சிருக்கக் கூடாதா? நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேனே.”

கதவோரம் நின்ற தண்டலின் மனைவி சொன்னார். “ஒடைக்கத்தான் கம்பிய எடுத்தேன். எம் மக விடல. ‘அந்தப் பூட்டத் தொடாதீய அம்மா, அவுக எழுதுனத நான்தான வாசிச்சேன்’னு சொல்லிட்டா.”

“விடு ஏளா. முடிஞ்சு போனத ஏன் பேசுத” என்றார் தண்டல்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தலை குனிந்துகொண்டாள். இல்லை என்று வாயால் சொல்ல முடியாமல், பதில் கேட்டு மறுபடி வந்த தண்டல் கையில் என் கடிதத்தையே கொடுத்தனுப்பியிருக்கிறாள். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நிறைமாதமாக இருந்த மகள்தான் உட்கார்ந்து சத்தமாக வாசித்திருக்கிறாள்.

ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தண்டல் ஒத்திப் பத்திரத்தை நீட்டினார், வாங்கிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் கைவண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள். போவதற்கு முன் அவர் மனைவி வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குப் பிறக்கும்போதே நெஞ்சு பலமில்லை என்றார்களாம். அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள் என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. உள் அறையில் கிடந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த அறையின் சாவி எங்களிடம் இருந்தது, நான்தான் கொடுக்க விடவில்லை என்பது மட்டும் தெரியும்.

நான் மறுபடி வெளிநாடு போகவில்லை. தண்டலை மார்க்கெட் பக்கம் அவ்வப்போது பார்க்கிறேன். “என்ன தம்பி, சொகமா இருக்கியளா” என்று அவர்தான் முதலில் கேட்பார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் கிட்டே போவேன். வார்த்தை வராது. தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். வீட்டை மீட்டுவிட்டாய் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கோ அவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமலே அதில் குடியிருப்பது போலத்தான் இருக்கிறது.