ரித்திகாவின் உணவுக்குழாய்: பெல்மதுளையிலிருந்து கொழும்புக்கு

போன மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்றரை வயது மகள் ரித்திகாவைத் தூக்கிக்கொண்டு நானும் கணவர் சிவகுமாரும் கொழும்புக்குப் புறப்பட்டோம். தோட்டப்பக்கமிருந்து இதே காரணத்துக்காகப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பால் மட்டும் குடித்தவரை அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆறு மாதத்தில் சோறு பிசைந்து ஊட்டத் தொடங்கியதும் வாந்தி ஆரம்பித்தது. விழுங்கியது செரிக்காமல் அப்படியே திரும்பி வரும். அக்கம்பக்கத்தில் பிடிவாதம் என்றார்கள், நானும் நம்பினேன். எடை ஏறாததால் இரத்தினபுரியில் டாக்டரிடம் காட்டினோம். வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சின் கீழ்ப்பகுதியில் மருந்து நூல் மாதிரி இறங்கியது. பிறவியிலேயே அந்த இடத்தில் உணவுக்குழாய் குறுகியிருக்கிறது என்று சொல்லிக் கொழும்புக்குக் கடிதம் தந்தார்கள்.

காலை ஆறு மணிக்குத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்திலிருந்து த்ரீவீல் ஆட்டோ. பெல்மதுளைச் சந்திக்கு ஏழு கிலோமீட்டர், எண்ணூறு ரூபாய். ஓட்டியவர் நிஸாம் நானா.

"புள்ளைக்கு முடியலன்னா சொல்லுங்க தங்கச்சி, நிறுத்துறேன்" என்று பள்ளத்துக்குப் பள்ளம் மெதுவாகப் போனார். 6.40 பஸ் கிடைத்தது. கொழும்பில் இறங்கும்போது 10.45.

அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் வைத்தியத்துக்குக் கட்டணம் இல்லை. அன்றே வார்டில் சேர்த்தார்கள். டாக்டர் சிங்களத்தில் விளக்கினார்: மயக்கம் கொடுத்து, வாய்வழியாகக் கேமராக் குழாயை இறக்கி, குறுகிய இடத்தில் சின்ன பலூனை வைத்து விரிப்பார்கள். அபூர்வமாக உணவுக்குழாய் கிழியலாம். அதன் சுவருக்குள் குருத்தெலும்பு இருந்தால் பலூன் போதாது, ஆபரேஷன்தான். கையெழுத்துப் போடவேண்டிய தாளைச் சிவா வாங்கிக் கையில் வைத்திருந்தார்.

நான் தமிழ் பேசும் நர்ஸிடம், "மிஸ், சாப்பாட்ட துப்புறாளேன்னு ஒருநாள் அடிச்சிட்டேங்க. அதனால ஏதும் ஆகியிருக்குமா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. இது பொறக்கும்போதே உள்ளது. அவ துப்பல, எறங்காமத்தான் வந்திருக்கு" என்றார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சிவா கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை எட்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஐம்பது நிமிடம். வெளியே வந்த டாக்டர், குருத்தெலும்பு இருக்கிற மாதிரித் தெரியவில்லை, ஓரளவு விரிந்திருக்கிறது, ஒரே தடவையில் முடியாது என்றார். காய்ச்சலோ நெஞ்சுவலியோ வருகிறதா என்று பார்த்து, முதலில் தண்ணீர், பிறகு பால் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை வீடு திரும்பினோம். அதன்பின் இன்னும் இரண்டு முறை போய் விரித்துவிட்டு வந்திருக்கிறோம்.

போகிறவர்கள் முதல் நாளே போய்ச் சேருங்கள். மயக்கத்துக்கு முன் எத்தனை மணியிலிருந்து பாலும் தண்ணீரும் கொடுக்கக்கூடாது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய எக்ஸ்ரேயை மறக்காதீர்கள். குழந்தை வாந்தி எடுத்ததைப் போனில் படம் பிடித்து வையுங்கள். நான் வாயால் சொன்னதைவிட அந்தப் படம்தான் இரத்தினபுரி டாக்டரை யோசிக்கவைத்தது.

போன ஞாயிறு சிவாவின் தட்டிலிருந்து ரித்திகா ஒரு துண்டு ரொட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நாங்கள் இருவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவள் தொண்டையையே பார்த்தோம். மென்றாள், விழுங்கினாள். எதுவும் திரும்பி வரவில்லை. எங்களை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி தட்டுக்குக் கையை நீட்டினாள்.