சுகிர்தத்தின் கட்டைவிரல்

என் மனைவியின் வலது கையை நான்தான் கெடுத்தேன். மூட்டுவாதம் அல்ல, மருத்துவர் அல்ல, மாடும் அல்ல... நான்!

ஊரில் யாருக்கும் இது தெரியாது. அவளுக்கும் தெரியாது. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் என்னைத் திட்டினாலும் என் காதில் விழாது என்ற தைரியம்தான்.

சுகிர்தம் வேலூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகிச் சித்தூருக்கு வந்த நாள்முதல் எங்கள் இரண்டு மாடுகளையும் அவள்தான் கறந்தாள். கட்டைவிரலை மடக்கி, அதன் முட்டியால் காம்பை அழுத்திக் கறக்கும் பழக்கம் அவளுக்கு. வருடக்கணக்கில் அழுத்தி அழுத்தி விரலின் அடிமூட்டு தேய்ந்துபோயிற்று. கடைசியில் சாவியைத் திருப்பவே பல்லைக் கடித்துக்கொள்வாள்.

திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செயற்கை மூட்டு வைத்தார்கள். அறுவை முடிந்து அவள் மயக்கத்தில் கிடந்தபோது, மருத்துவர் என்னைத் தனியே அழைத்தார்.

"ஆவிட மள்ளீ பாலு பிண்டகூடது. மீரே பிண்டண்டி" என்றார். அவள் இனிமேல் பால் கறக்கக்கூடாது, நீங்களே கறந்துகொள்ளுங்கள்... அவ்வளவுதான். இதை அவளிடம் சொல்லும் பொறுப்பையும் என்னிடமே கொடுத்தார். அவளுக்குத் தெரிந்தது காய்கறிக் கடைத் தெலுங்கு. எனக்கோ பள்ளிக்கூட அலுவலகத்தில் நாள் முழுதும் தெலுங்குதான்.

ஏன் சொல்லவில்லை?

நான் எங்கள் தேவாலயத்தில் சபைக் கமிட்டிச் செயலாளர்! வாளியை இடுக்கிக்கொண்டு மாட்டடியில் குந்தினால் தெருப் பெண்கள் சிரிப்பார்களே என்று நினைத்தேன். கட்டுப்போட்டிருந்த வாரங்களில் பக்கத்துத் தெருக்காரர் வந்து கறந்து கொடுத்தார். பிறகு அவரும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்விட்டார். மாட்டை விற்க மனமில்லை, கறக்கவும் மனமில்லை... இவ்வளவு அற்பமான காரணம்! பெரிய பாவம் செய்கிறவனுக்குப் பெரிய காரணமாவது இருக்கும். எனக்கு அதுகூட இல்லை.

கட்டைப் பிரித்த அன்று மருத்துவர் என்னைப் பார்த்து, "செப்பாரா?" என்றார். சொல்லிவிட்டீர்களா என்கிறார்.

"செப்பானண்டி" என்றேன், சொல்லிவிட்டேன் என்று. வாய் கூசவில்லை.

சுகிர்தம் என் பக்கம் திரும்பினாள். "இன்னா சொல்றாரு?"

"வேலையெல்லாம் மெதுவா செய்யச் சொன்னாரு."

"கறக்கலாமா?"

"மெதுவா கற."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். திருப்பதி பஸ் நிலையத்தில் மொட்டைத் தலைக் கூட்டத்தின் நடுவே, யாரும் இடித்துவிடாதபடி அவள் கையை என் இரு கைகளாலும் பொத்திக்கொண்டு வந்தேன். அன்பில்லாதவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள்... அன்பு இருந்தது. அதனால் என்ன பயன்!

மறுவாரமே கறக்கத் தொடங்கினாள். மெதுவாகத்தான் கறந்தாள், பாவம். ஒரு காலையில் தொழுவத்திலிருந்து அலறல் கேட்டது. வாளி கவிழ்ந்து கிடந்தது. கட்டைவிரலின் அடியில் எலும்பு புடைத்துக்கொண்டு நின்றது. செயற்கை மூட்டு நழுவிவிட்டது.

மறுபடியும் திருப்பதி. மருத்துவர் அவளைக் கோபமாகப் பார்த்து, "செப்பினா வினரா?" என்றார். சொன்னாலும் கேட்கமாட்டீர்களா என்று கேட்டார். அது அவளுக்குப் புரிந்தது. பள்ளிப்பிள்ளை போலத் தலைகுனிந்தாள். பக்கத்தில்தான் நின்றேன்... வாயைத் திறக்கவில்லை.

மூட்டை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த விரலுக்குப் பிடிமானம் இல்லை. சோற்றைக் கரண்டியால் சாப்பிடுகிறாள். ரவிக்கைக் கொக்கிகளை நான்தான் மாட்டிவிடுகிறேன். மாடுகளையும் விற்றாயிற்று. எப்படியும் விற்கத்தான் போகிறேன் என்றால், முன்பே விற்றிருக்கக்கூடாதா?

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நற்கருணை ஞாயிறுக்கு முந்தின மாலை, கணவனும் மனைவியும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும். மனத்தில் குறை வைத்துக்கொண்டு அப்பத்தைத் தொடக்கூடாது என்பது எங்கள் நைனா காலத்திலிருந்து வருகிற கட்டளை. நான் என்றும்போலப் பொதுவாக, "ஏதாவது தப்பா பேசியிருந்தா மன்னிச்சிடு" என்பேன்.

கை போன பிறகு வந்த முதல் நற்கருணைக்கு அவள் அப்படிப் பொதுவாகக் கேட்கவில்லை. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "மெதுவா கறன்னு நீங்க சொன்னீங்க. நான்தான் அவசரப்பட்டுக்கினு அழுத்திட்டேன். இப்ப என்னால உங்களுக்குத்தான் கஷ்டம். என்ன மன்னிச்சிடுங்க."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது... அவள் என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"மன்னிச்சிட்டேன், உடு" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக எழுந்துபோனாள். மறுநாள் பீடத்தின் முன் அருகருகே முழங்காலிட்டு அப்பம் வாங்கினோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நற்கருணைக்கும் அதையேதான் கேட்கிறாள். நானும் ஒவ்வொரு முறையும் மன்னிக்கிறேன்.