சித்தப்பாவுக்காக நான் கேட்ட மன்னிப்பு

சித்தப்பா பத்திரிகைத் துண்டுகளை ஒட்டிவைத்த நோட்டை என் மகள் கேட்கிறாள். ஓர் ஆணை இன்னோர் ஆண் விரும்புவது குற்றமாக இருந்த காலத்தில் நம் பக்கத்தில் எப்படி வாழ்ந்தார்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம். கொடுத்துவிடலாம். அதற்கு முன், பத்து வயதில் நான் அவரைக் காட்டிக்கொடுத்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

சித்தப்பா கல்யாணமே வேண்டாம் என்று கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தார். சனிக்கிழமைதோறும் வெள்ளிமலையிலிருந்து அவருடைய சிநேகிதர் கடுக்காய் மூட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். இருவரும் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கல்வராயன் மலையிலிருந்து மூட்டை இறங்கினால் உள்ளே சாராயம்தான் என்பது எங்கள் தெருவின் பொது அறிவு. மூட்டையை மோந்து பார்த்தேன். கடுக்காய் வாசனைதான் வந்தது. எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று சந்தேகம் இன்னும் கூடியது.

ஒருநாள் சித்தப்பாவின் பெட்டியைத் திறந்தேன். பத்திரிகைத் துண்டுகள் ஒட்டிய நோட்டு. பாதி வார்த்தைகள் புரியவில்லை. புரிந்த பாதி கைது, சட்டப்பிரிவு, ஆயுள் தண்டனை. மூட்டையை மோந்த குற்றத்துக்கு எனக்கும் அதில் பத்து வருஷமாவது விழும் என்று உறுதியாக நம்பினேன்.

அந்த ஞாயிறு எனக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதற்கு முந்தின நாள் மாதா கோயிலில் முதல் பாவசங்கீர்த்தனம்; செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். என் பாவங்களை அப்படியே விட்டுவிட்டுச் சித்தப்பாவின் பாவத்தை ஒப்பித்தேன்.

"எங்க சித்தப்பா சாராயம் காச்சறாரு சாமி. மன்னிச்சிடுங்க."

கம்பிவலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமியார் இருமினார். "அவரு பாவத்த அவரு சொல்லுவாரு. உனக்கு எப்படித் தெரியும்?"

"பெட்டியத் தொறந்து பாத்தேன்."

"அதாம்பா உன் பாவம். போயி அவருகிட்டயே சொல்லு. அதான் உனக்குப் பரிகாரம்."

மாடியேறினேன். வெள்ளிமலைக்காரரும் இருந்தார். பெட்டியைத் திறந்ததைச் சொன்னதும் சித்தப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

"யார்கிட்டலாம்டா சொன்ன?"

"சாமிகிட்ட மட்டும்தான் சித்தப்பா. நீங்க சாராயம் காச்சறீங்கன்னு."

வெள்ளிமலைக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "சாராயமா! அதுவா இருந்தா ஊரே நம்ம வூட்டு வாசல்ல வந்து நிக்குமே!"

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "மொதல்ல இத்த கொளுத்தணும்," என்று நோட்டையும் தீப்பெட்டியையும் எடுத்தார். வெள்ளிமலைக்காரர் நோட்டைப் பிடுங்கி என் மடியில் வைத்தார்.

"கொளுத்திட்டா, இப்பிடி ரெண்டு பேரு இருந்தோம்னு யாருக்குத் தெரியும்? பையன் படிக்கட்டும். எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே."

பரிகாரம் இவ்வளவு நீளமா என்று நொந்துகொண்டே படித்தேன். டெல்லியில் யாரோ அந்த ஆயுள் தண்டனைச் சட்டத்தை நீக்கச் சொல்லி வழக்குப் போட்டிருந்தார்கள்.

"இன்னொரு தபா படி கண்ணு," என்றார் வெள்ளிமலைக்காரர். படித்தேன். "இன்னொரு தபா."

பாவம், காது மந்தம் போலிருக்கிறது என்று, பூசையில் வாசகம் படிக்கிற குரலில் தெருவுக்கே கேட்கும்படி முழங்கினேன். சித்தப்பா பாய்ந்துபோய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்.

மழை வருகிறது போல என்று நினைத்துக்கொண்டு, நான் அடுத்த துண்டுக்குப் போனேன்.