ஐஸ் பெட்டியில் போன முதுகுத்தண்டு நீர்

அன்று காலை என் மனைவி பற்ற வைக்காத அடுப்பின் மேல் பால் பாத்திரத்தை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். காபி வரவில்லையே என்று நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். "இன்னும் பொங்கலியே" என்றாள். முந்தின நாள் முழுவதும் காய்ச்சலும் தலைவலியுமாகப் படுத்திருந்தவள். ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று சாத்தச் சொன்னவள். எழுந்து வந்து இப்படி நிற்கிறாள்.

நாற்காலியில் உட்கார வைத்து, மோவாயால் மார்பைத் தொடச் சொன்னேன். தொட முடியவில்லை. கழுத்து பலகை மாதிரி நின்றது. மூளைக்காய்ச்சலுக்கு அது அடையாளம் என்று படித்திருக்கிறேன்.

நான் அரசு மருத்துவமனை ஆய்வகங்களில் நுண்ணுயிரியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மூளைக்காய்ச்சல் வந்தவர்களை நான் பார்த்ததில்லை. அவர்கள் முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரைப் பார்த்திருக்கிறேன். தெளிவாக இருந்தால் ஒரு வகை வியாதி, அரிசி கழுவின தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தால் வேறு வகை. குப்பியைத் திறந்து, சாயம் போட்டு, வளர்ப்புத் தட்டில் தடவி, கிருமி வளர்ந்தால் பெயர் எழுதி அனுப்புவேன். வளரவில்லை என்றால் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதுவேன். பெரும்பாலும் அதைத்தான் எழுதினேன், காரணம் எங்கள் மருத்துவர்கள். முதலில் ஆன்டிபயாடிக் ஊசியைப் போட்டுக் கிருமியைக் கொன்றுவிட்டு, பிறகு நீரை எடுத்து, இதில் என்ன கிருமி இருக்கிறது என்று என்னைக் கேட்பார்கள். மருந்து போடும் முன் நீரை எடுக்கவும் என்று சுற்றறிக்கை எழுதி எழுதியே என் பணிக்காலத்தில் பாதி போயிற்று. யாராவது படித்தார்களா என்று இன்று வரை தெரியாது.

செஞ்சியில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவருக்கு என் சுற்றறிக்கைக் கதையெல்லாம் தெரியும். மனைவியைப் பார்த்த உடனே விழுப்புரம் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார்.

"சார், நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள நேரமாயிடும். ஊசிய இங்கியே போட்டுடட்டுமா? அப்பறம் கல்ச்சர்ல ஒண்ணும் வளராது. நீங்கதான் திட்டுவீங்க."

"போடுங்க டாக்டர்" என்றேன். சொல்லி முடிக்கும் முன்பே அவர் ஊசியை எடுத்துவிட்டார். விதிப்படியும் அதுதான் சரி. வழியில் தாமதமாகும் என்றால் மருந்துதான் முதலில். ஆனால் அந்த நிமிடம் எனக்கு எந்த விதியும் ஞாபகத்தில் இல்லை.

வண்டி கொண்டுவந்தது என் மைத்துனன். அவன் தளவானூர், மேல்சித்தாமூர் பக்கமெல்லாம் பால் எடுத்துக் குளிர்விப்பு நிலையத்துக்கு அனுப்புகிறவன். கோட்டை பார்க்க வந்த வேன்கள் கடைவீதியை அடைத்துக்கொண்டு நின்றன. ஜன்னலில் தலையை நீட்டி அவன் திட்டிய திட்டில் ஒரு வேன் தானாகவே பின்னால் போயிற்று. பின் சீட்டில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த மனைவி, யாரோ உறவுக்காரக் கல்யாணத்துக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு, நகை எங்கே என்று கேட்டபடியே வந்தாள்.

விழுப்புரத்தில் பெண் மருத்துவர் ஒருவர், என் மகள் வயது இருக்கும், முதுகிலிருந்து நீர் எடுக்க வேண்டும் என்றார். மைத்துனன் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான்.

"மாமா, வாணாம் மாமா. முதுகுல ஊசி போட்டா கால் வெளங்காம பூடும்னு சொல்றாங்க."

"யார்ரா சொன்னது?"

"எல்லாருந்தான்."

"உங்கக்காவுக்கு நான் யாருன்னே பாதி நேரம் தெரியல. நீ காலப் பத்திப் பேசற."

"அதுக்கில்ல மாமா. அப்பறம் எழுந்து வந்து என்னத்தான் கேக்கும், ஏன்டா வுட்டேன்னு."

"எழுந்து வந்து கேக்கட்டும். அதுதான எனக்கு வேணும்."

அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கையெழுத்துப் போட என்னிடம் கொடுத்தான்.

நீர் கலங்கலாகத்தான் வந்தது. குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், அரிசி கழுவின தண்ணீரேதான். அந்த மருத்துவமனையில் அணுக்களை எண்ணிப் பார்த்தார்கள், சர்க்கரை அளவு பார்த்தார்கள், சாயம் போட்டுப் பார்த்தார்கள். சாயத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதல் ஊசி தன் வேலையைச் செய்திருந்தது. மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். சாதாரண பாக்டீரியாவாகவும் இருக்கலாம், பாதி மருந்து உள்ளே போனதால் சோதனையில் சரியாகத் தெரியாமல் இருக்கலாம். காசநோய்க் கிருமியாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு. காசநோய் என்றால் மாதக்கணக்கில் மாத்திரை, ஈரல் தாங்குமா என்ற கவலை தனி.

"கல்ச்சரும் பிசிஆரும் பாண்டிச்சேரில ஒரு லேப்ல பண்றாங்க சார். யாராச்சும் கையோட கொண்டுபோனா சாயங்காலம் பிசிஆர் சொல்லிடுவாங்க. அது வரைக்கும் எல்லாத்துக்கும் சேர்த்துதான் மருந்து போய்க்கிட்டிருக்கு. அதுலயும் தெரியலன்னா டிபி மருந்தையும் ஆரம்பிச்சுடுவேன்."

பிசிஆர் மேல் எனக்கு அப்போது பெரிய மதிப்பு கிடையாது. கொரோனா காலத்தில் டீக்கடையில் நிற்கிறவரெல்லாம் ஆர்டி-பிசிஆர் என்று பேச ஆரம்பித்ததிலிருந்தே எனக்கு அந்தப் பெயர் கசந்துவிட்டது. கண்ணால் பார்க்க வேண்டும், தட்டில் வளர வேண்டும், அப்போதுதான் கிருமி. நான் கற்ற பாடம் அது. ஆனாலும் இரண்டு குப்பிகளை மைத்துனன் கையில் கொடுத்து, எங்கேயும் நிற்காமல் போ என்று அனுப்பினேன். நான் மனைவியை விட்டு நகர முடியாது.

அவன் பாண்டிச்சேரியிலிருந்து போன் செய்தான். குரலில் ஒரு திருப்தி.

"குடுத்துட்டேன் மாமா. வழியில நம்ம ஏஜெண்டுகிட்ட ஐஸ் வாங்கி, பன்னீர் அனுப்பற தெர்மாகோல் பெட்டி இருக்குது இல்ல, அதுல வெச்சு சில்லுனு கொண்டாந்தேன். ஒரு சொட்டு கெட்டிருக்காது."

முதுகுத்தண்டு நீரைக் குளிரில் வைக்கக் கூடாது. மூளைக்காய்ச்சல் கிருமிகள் குளிர் தாங்காதவை, செத்துப்போகும். செத்தது தட்டில் வளராது. ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதல் வாரம் சொல்லித் தந்தது இது. பால்காரன் உலகத்தில் எல்லாமே தலைகீழ். அவனுக்குக் கிருமி வளரக் கூடாது, வளர்ந்தால் பால் திரியும்.

"உன்ன யாருடா ஐஸ் போடச் சொன்னது?"

"சூட்டுல வெச்சா எதுதான் மாமா கெடாது?"

போனை வைத்துவிட்டேன். அதற்கு மேல் பேசியிருந்தால் இரண்டு குடும்பம் பிரிந்திருக்கும். பிறகு ஆய்வகத்துக்கே போன் செய்தேன். எடுத்த பெண் குரலில் அவசரமே இல்லை.

"சார், ஊசி போட்டப்பறம் எடுத்த சாம்பிள்தான? கல்ச்சர்ல எப்படியும் எதையும் எதிர்பார்க்க முடியாது. பிசிஆருக்கு உயிரோட இருக்கணும்னு இல்லையே. சில்லுனு வந்தது அதுக்கு நல்லதுதான்."

எனக்குத் தெரிந்த விஷயம்தான். கிருமி செத்துவிட்டாலும் அதன் டிஎன்ஏ நீரில் மிதந்துகொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு துண்டைப் பிடித்து, லட்சக்கணக்காகப் பெருக்கி, இன்னார் வந்து போனார் என்று இயந்திரம் சொல்லிவிடும். ஓய்வு பெறுவதற்கு முன் பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டுக் கைதட்டியிருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்காகக் கைதட்டியதுதான். இப்போது ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அந்த இயந்திரத்தைத் தவிர வேறு கதியில்லை என்று தெரிந்துகொண்டேன். ஊசியில் செத்ததோ ஐஸில் செத்ததோ, பெயரை மட்டும் விட்டுவைத்திருந்தால் போதும்.

இதற்கிடையில் எதிர் வீட்டு பாயின் மனைவி செஞ்சியிலிருந்து போனில் கூப்பிட்டாள். "அண்ணே, அண்ணி எப்படி இருக்காங்க?" என்று ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் சுற்றி வந்தாள். "தப்பா நினைக்காதீங்க. என் மருமவ மாசமா இருக்குது. நேத்து அண்ணி படுத்திருக்கறப்ப பக்கத்துலதான் உக்காந்திருந்தா. ஒட்டிக்கும்னு தெருவுல சொல்றாங்க. நாங்களும் மாத்திரை போட்டுக்கணுமா?"

கேள்வியில் தப்பே இல்லை. சில கிருமிகள் என்றால் பக்கத்தில் இருந்தவர்களும் மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கிருமி என்று தெரிந்ததும் சொல்கிறேன் என்றேன். அவளுக்கும் அந்த இயந்திரம்தான் பதில் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் மருத்துவர் போனைக் கையில் பிடித்தபடி வந்தார். நடையிலேயே தெரிந்தது.

"நிமோகாக்கஸ் சார். மத்ததெல்லாம் நெகட்டிவ். டிபிக்கும் தனியா பாத்துட்டாங்க, அதுவும் இல்ல. போய்க்கிட்டிருக்கற மருந்தே சரியான மருந்து. வேண்டாதத நிறுத்திடறேன்."

நிமோனியாவை உண்டாக்கும் அதே பாக்டீரியா. நான் தலையாட்டினேன். நன்றி என்று சொன்னேனா என்று ஞாபகமில்லை. வராந்தாவுக்குப் போய் எதிர் வீட்டுக்குப் போன் செய்து, இது பக்கத்தில் இருப்பவர்களுக்கு மாத்திரை தர வேண்டிய வகை இல்லை, மருமகளைப் பயப்படாமல் தூங்கச் சொல் என்றேன். "அல்லா காப்பாத்துனான்" என்றாள். நானும் ஆமாம் என்றேன். பாண்டிச்சேரியிலிருந்து திரும்பிய மைத்துனனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை. விளக்கினால் இனி ஊரில் யாருக்கு ரத்தம் எடுத்தாலும் ஐஸ் பெட்டியோடு போய் நிற்பான்.

ஒரு பயம் மட்டும் பாக்கி இருந்தது. இந்தக் கிருமி பிழைத்தவர்களின் செவியைச் சில சமயம் கொண்டுபோய்விடும். மருத்துவரும் சொன்னார், நினைவு தெளிந்ததும் காதைச் சோதிப்போம் என்று. அடுத்த சில நாட்கள் காய்ச்சல் இறங்கியது, கழுத்து இளகியது. ஆனால் அவள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டால் சில நேரம் கண் திறப்பாள், சில நேரம் இல்லை. தூக்கமா செவிடா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த எந்தச் செய்முறையிலும் வழியில்லை.

ஒரு மத்தியானம் கட்டிலின் கால்மாட்டில் நின்று மைத்துனனிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வார்டு கேன்டீன் உப்புமாவைத் தட்டில் தடவினால் நிச்சயம் ஏதாவது வளரும் என்று. அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"சாப்பாட்ட ஏன் கொற சொல்றீங்க?" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே. "நாலு பேரு தூங்கற எடம்."

நான் இன்னும் குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட உதட்டை மட்டும் அசைத்து, "டீ வேணுமா?" என்று கேட்டேன்.

"காபி" என்றாள். "சக்கர கம்மியா."

மைத்துனன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கேன்டீன் காபி அன்று கஷாயம் மாதிரிதான் இருந்தது. சர்க்கரையும் அதிகம். இரண்டையும் அவள் சொல்லிவிட்டு முழுவதும் குடித்தாள்.