படித்துவிட்டு இறங்கியவள்

சுருளியம்மாளைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை. ஆகவே நான் எழுதுகிறேன், கோபத்தோடுதான்.

எழுபத்தாறில் எறணாகுளத்தில் எம்.ஏ. பொருளாதாரம் சேர்ந்தபோது விடுதியில் என் அறைக்கு வந்தவள் அவள். நான் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரி, பட்டு. அவள் மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் சின்னத்தாயின் ஒரே மகள். அப்பா இல்லை. எம்.ஏ. முடித்து, ஏதாவது கல்லூரியில் வேலை வாங்கி, அம்மாவை மலையிலிருந்து கீழே கூட்டி வந்துவிட வேண்டும். அவளுக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான்.

உலகப் பொருளாதார வளர்ச்சிப் பாடம் எடுத்தவர் கோபிநாதன் சார். பணக்கார நாடு, ஏழை நாடு, நடுவில் உள்ள பள்ளம் என்று கரும்பலகை முழுக்கக் கோடு போடுவார். கேரளத்தின் கோட்டுக்கு வரும்போது மட்டும் முகம் மலர்ந்துவிடும். வருமானம் குறைவானாலும் படிப்பில் நாம்தான் முன்னால், உலகமே நம்மைப் பார்க்கிறது என்பார். ஒரு நாள் சுருளி எழுந்து, எங்கள் எஸ்டேட் இதில் எந்தக் கோட்டில் வரும் என்று மலையாளத்தில் கேட்டாள். வகுப்பு சிரித்தது. "நல்ல கேள்வி, பிறகு பார்ப்போம்" என்றார் சார். அந்தப் பிறகு வரவேயில்லை.

முதல் வருஷப் பரீட்சை முடிந்த கையோடு ஊரிலிருந்து செய்தி வந்தது. சின்னத்தாய்க்கு இளைப்பு முற்றிவிட்டது, இனி மலையேற முடியாது என்று எஸ்டேட் டாக்டர் சொல்லிவிட்டார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. லயத்து வீடு, அதாவது எஸ்டேட் கொடுக்கும் வரிசை வீடு, வேலையில் பேர் இருக்கிறவர்களுக்குத்தான். அம்மாவின் பேர் போனால் பிள்ளை வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சொந்த ஊருக்குப் போகலாமே என்று ஆபீஸில் யோசனை வேறு சொன்னார்களாம். எந்த ஊர்? சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தாத்தா காலத்திலேயே கிளம்பி வந்தவர்கள். அங்கே இவர்களைத் தெரிந்த நாய்கூடக் கிடையாது.

"ஒரு வருஷம் பொறுக்கப்படாதா அவா?" என்று நான் கத்தினேன்.

"பூட்டும் கையுமா நிக்கிறவன்ட்ட, சர்டிபிகேட் வருது பொறுங்கன்னா கேப்பானா?" என்றாள்.

விடாமல் அவளை இழுத்துக்கொண்டு கோபிநாதன் சாரிடம் போனேன். எஸ்டேட் மேனேஜரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு வருஷம் அவகாசம் தருவார்கள் என்று கெஞ்சினேன். நிர்வாக விஷயத்தில் தலையிடுவது முறையல்ல என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "போய் வா, அந்த அனுபவம் பின்னால் ஆய்வுக்கு உதவும்" என்றார். ஆய்வாம்! இழவு வீட்டில் உட்கார்ந்து பாயசத்துக்கு வெல்லம் போதுமா என்று கேட்கிறவர்களை என்ன செய்வது? சுருளி அழவில்லை. புத்தகங்களை என் கட்டிலில் வைத்துவிட்டு மூணாறு பஸ் ஏறினாள்.

மறு வருஷம், ஏழ்மை பற்றிய ஆய்வு என்று சார் எங்களை அதே எஸ்டேட்டுக்கு அழைத்துப் போனார். அது யாருடைய ஊர் என்பதே அவருக்கு நினைவில்லை. அங்கே எல்லோரும் தமிழ் பேசுவார்கள் என்று என்னைத் துணைக்கு வைத்துக்கொண்டார். அவளைப் பார்க்கலாமே என்று வாயை மூடிக்கொண்டு போனேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. தலையில் கம்பளி, இடுப்பில் சாக்கு, முதுகில் கூடை. வரிசையில் நின்றவளை எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நோட்டில் பேரும் விவரமும் எழுதிக்கொண்டு வந்த சாருக்குத் தெரியவில்லை.

"எதுவரை படித்திருக்கிறாள் என்று கேள்" என்றார் என்னிடம்.

அவளே பதில் சொன்னாள்.

"எம்.ஏ. ஒரு வருஷம். ஒங்க வகுப்புலதான் சார்."

சார் திகைத்தார். பிறகு, சொல்லவே வயிறு எரிகிறது, சந்தோஷப்பட்டார். "நல்லது, நல்லது! இந்த எஸ்டேட்டின் படிப்புச் சராசரி ஏறுமே!"

சுருளி கூடையை இறக்கி வைத்தாள்.

"என்னைய வெச்சு ஏத்தாதீங்க சார். நான் படிச்சு ஏறுனவ இல்ல, படிச்சிட்டு எறங்குனவ. அதுக்கு ஒங்க கோட்டுல எடமிருந்தா எழுதுங்க. இல்லைன்னா என் பேர அடிச்சிருங்க. ஒரு எடத்துல பேர் குடுத்ததே போதும்."

சார் பேனாவை மூடினார். மேலேயிருந்து கங்காணி அதட்டினான். அவள் கூடையைத் தூக்கி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பட்டு, அம்மா வீட்லதான் இருக்கு. பாத்துட்டுப் போ."